மருந்தின் நெறி

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, முத்தியால்பேட்டையில், செவிலியர் கல்வியும் மருந்தாளுநர் கல்வியும் பயிலும் மாணவ மாணவியரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைகின்றன. எழுத்தறிவைத் தெருத்தோறும் கொண்டுசெல்வதே முதற்கடமை எனத் தொடங்கிய பணி, இன்று நம் பிள்ளைகளைச் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் ஆய்வுக்கூடப் பணியாளராகவும் காணும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இவ்விழாவில் மருந்தியலின் அடிப்படைகளைப் பற்றிப் பேசவேண்டும் எனப் பணித்தார்கள். விழா மேடைக்கு இது வறண்ட பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் தெருக்களில் மருந்தால் பிழைத்தவரும் உண்டு. மருந்து கையில் இருந்தும் உயிர் இழந்தவரும் உண்டு. அவர்களை அறியாமையால் இறந்தார்கள் என்று ஊர் சொல்லும். அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்று நாம் சொல்வோம். காரணம் சொல்லாமல் கொடுக்கப்படும் மருந்து பாதி மருந்தே. மற்றப் பாதியை உங்கள் நாவில் ஏற்றிவிடுவதே இவ்வுரையின் நோக்கம்.

மருத்துவம் நமக்கு அந்நியமான துறை அன்று. 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர். தாம் சிறுவராக இருந்தபோது முடங்கிப்போன உடலை அவருடைய மருத்துவம் மீட்டது எனத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிந்திருக்கிறார். நம் பாட்டிமார் பலர் ஊருக்கெல்லாம் மருத்துவச்சியராக இருந்தவர்கள். புதுச்சேரியிலோ, பிரெஞ்சு அரசு 1823இலேயே மருத்துவப் பள்ளியொன்றை நிறுவியது. அவ்வழியில் வந்ததே கோரிமேட்டில் உள்ள மருத்துவ நிறுவனம். 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற அது, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாயிற்று. இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள அந்த வாயிலில் நோயாளராக மட்டுமே நுழைந்த நம் மக்கள், இன்று பணியாளராகவும் நுழைகின்றனர். நுழைந்தவர் அறிந்திருக்கவேண்டிய நெறிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மருந்து என்பது யாது?

உடலில் இல்லாத புதிய தொழில் எதையும் மருந்து படைப்பதில்லை. உள்ள தொழிலைக் கூட்டும், அல்லது குறைக்கும், குறைந்துபோன பொருளை நிரப்பும், அல்லது உள்ளே புகுந்த கிருமியை அழிக்கும். இந்நான்கனுள் ஏறத்தாழ எல்லா மருந்தையும் அடக்கிவிடலாம்.

எவ்வாறு இவற்றைச் செய்கிறது? உடலின் உயிரணுக்களில் ஏற்பிகள் எனப்படும் நுண்ணிய அமைப்புகள் உள்ளன. பூட்டும் திறவுகோலும்போல, குறிப்பிட்ட ஏற்பியில் குறிப்பிட்ட வடிவுடைய பொருளே பொருந்தும். பொருந்திப் பூட்டைத் திறக்கும் மருந்தும் உண்டு. பொருந்தி, வேறொன்று திறவாதபடி துளையை அடைத்துக்கொள்ளும் மருந்தும் உண்டு. இழுப்பு நோய்க்குத் தரும் சால்பூட்டமால் முதல் வகை: மூச்சுக்குழாய்த் தசையிலுள்ள ஏற்பியில் பொருந்தி அத்தசையைத் தளர்த்துகிறது. குருதி அழுத்தத்துக்குத் தரும் அட்டினலால் இரண்டாம் வகை: இதயத்தின் ஏற்பியை அடைத்து அதன் விரைவைக் குறைக்கிறது. மருந்து முழுக்க முழுக்க ஓரிடத்தில் மட்டும் வேலை செய்வது அரிது. அதே சாயலுள்ள பூட்டு வேறு உறுப்பிலும் இருக்குமாயின் அங்கும் சென்று பொருந்தும். அதுவே பக்கவிளைவு. சால்பூட்டமால் உண்டவருக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனாலேயே. மருந்து என்றால் பக்கவிளைவு இருக்கும். அதை அறிந்து, எடைபோட்டு, முன்கூட்டிச் சொல்லித் தருவதே தொழில்.

உடலின் வழியே மருந்தின் பயணம்

மருந்து உடலைச் செய்வது ஒருபுறம்; உடல் மருந்தைச் செய்வது மறுபுறம். உட்கவர்தல், பரவுதல், மாறுதல், வெளியேறுதல் என அப்பயணம் நான்கு கட்டமாகும்.

முதலாவது உட்கவர்தல். அண்ணல் அம்பேத்கரை இறுதி ஆண்டுகளில் வாட்டிய நோய் நீரிழிவு. அந்நோய்க்கு உரிய இன்சுலின் ஒரு புரதம். அதை வாய்வழி கொடுத்தால் நாம் உண்ணும் பருப்பைப்போலவே வயிறு அதையும் செரித்துவிடும். ஆகவேதான் அது ஊசியாகத் தரப்படுகிறது. நெஞ்சு வலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு காரணத்தால் அவ்வாறு தரப்படுகிறது. விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று பெரும்பகுதி சிதைந்துவிடும். நாவின் அடியில் வைத்தாலோ கல்லீரலைத் தவிர்த்துச் சில நிமிடங்களில் குருதியில் சேரும். விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று நொந்துகொள்பவருக்கு இதை யார் சொல்வது? நீங்கள்தாம்.

கருவுற்ற தாய்க்கும் பள்ளிச் சிறுமிக்கும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால், தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உட்செல்லவொட்டாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் உட்செல்வது மிகும். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலுடன் கொடுத்தால் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதைக் கட்டிவிடும். மருந்து வாங்கக் காசு இருந்தும், உட்கொள்ளும் முறை தெரியாமையால் அது வீணாவது இரட்டை இழப்பன்றோ!

ஊசி போட்டால்தான் குணம் என்பது நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. இன்ஹேலர் 'பவர்' மிகுந்தது, பழகினால் விடாது என்பது மற்றொன்று. கணக்கைப் பாருங்கள். இன்ஹேலரில் இருமுறை இழுத்தால் சால்பூட்டமால் 200 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம். அதாவது அதன் 20 மடங்கு. மூச்சுக்குழாயிலேயே நேரே விழுவதால் சிறு அளவே போதுமாகிறது. மற்ற உறுப்புகளுக்குச் செல்வதும் குறைகிறது. எவ்வழி கொடுக்கிறோம் என்பதே எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

குருதியில் கலந்த மருந்து உடலெங்கும் பரவும். நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும், தாய்ப்பாலின் வழியே சேயையும் அடையும் மருந்துகள் பல. ஆதலின் பெண்ணுக்கு மருந்து கொடுக்குமுன் கருவுற்றிருக்கிறாளா, பாலூட்டுகிறாளா என்று கேட்பது கடமை. அடுத்து, கல்லீரல் மருந்தை மாற்றுகிறது. சிறுநீரகம் பெரும்பாலானவற்றை வெளியேற்றுகிறது. குடியால் கல்லீரல் கெட்டவருக்கும், முதுமையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் வழக்கமான அளவே மிகையளவாகிவிடக்கூடும்.

குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பர். ஒரு மருந்தின் அரை ஆயுள் 6 மணி என்றும், உடலில் 400 மில்லிகிராம் உள்ளது என்றும் கொள்வோம். 6 மணியில் அது 200 ஆகும். 12 மணியில் 100. 18 மணியில் 50. 24 மணியில் 25. எனவே அம்மருந்தை ஒருநாளைக்கு ஒருமுறை கொடுத்தால் நாளின் பெரும்பகுதி குருதியில் போதிய மருந்து இராது. 'மூன்று வேளை' என மருத்துவர் எழுதுவது பொழுதைச் சமமாகப் பகுத்துக் கொடுப்பதற்காக. காலைக் கஞ்சி பத்து மணிக்கும், மதிய உணவு பன்னிரண்டுக்கும், இரவுணவு எட்டுக்கும் உண்பவர் உணவோடு சேர்த்தே மாத்திரையையும் விழுங்கினால் இரண்டு வேளை நெருங்கியும் ஒருவேளை விலகியும் போகும். கூலி வேலைக்குச் செல்பவரின் நாளை அறிந்து, எந்த மணிக்கு விழுங்க இயலும் என்று கேட்டுச் சொல்பவரே நல்ல மருந்தாளுநர்.

அளவே அறம்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. மருந்தியல் முழுவதற்கும் அதுவே அடிக்கல். மலைக்காய்ச்சலுக்குச் சின்கோனா மரப்பட்டையைப் பொடித்துக் கொடுத்த காலத்தில், ஒரு பிடிப் பட்டையில் எவ்வளவு மருந்துள்ளது என்பதை எவரும் அறிந்திலர். 1820இல் பாரிசில் பெல்லெத்தியே, கவெந்து என்னும் இரு மருந்தாளுநர்கள் அப்பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் பின்னரே மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. அவ்வருஞ்செயலைச் செய்தவர்கள் மருந்தாளுநர்கள் என்பதை இங்கமர்ந்திருக்கும் மருந்தாளுநர் மாணவர்கள் மறவாதீர்கள்.

நாள்தோறும் கையில் வரும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். கடையில் கிடைக்கும் சிரப்புகளோ ஒரே வலிமையுடையன அல்ல. ஒன்றில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். சிரப் என எண்ணி அதை 5 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 மில்லிகிராம்! பெரியவருக்குரிய மாத்திரை ஒன்றை அப்படியே குழந்தைக்குக் கொடுத்ததற்கு அது சமம். 'ஒரு ஸ்பூன் கொடுங்கள்' என்பது மருந்தளவு ஆகாது. எந்தப் புட்டி, எத்தனை மில்லிலிட்டர், எந்த அளவுமூடி என்று சொல்வதே மருந்தளவு. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

பெரியவருக்கும் எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 4 கிராமைக் கடக்கலாகாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. கடந்தால் கல்லீரல் அழியும். குடிப்பவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதனினும் குறைவே எல்லை. சளி மாத்திரையிலும் உடல்வலி மாத்திரையிலும் இதே மருந்து வேறு பெயரில் மறைந்திருக்கும். ஆகவே வணிகப் பெயரை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பொதுப்பெயரைப் படியுங்கள். பொதுப்பெயரை அறிந்தவரை எவரும் ஏமாற்ற இயலாது; 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களில் அதே மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கவும் அப்பெயரே வழிகாட்டும்.

சென்னை தந்த பாடம்

இனி நம் மக்களின் நெடுநாட் பகையாகிய காசநோய்க்கு வருவோம். 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. அன்று காசநோய்க்கு உகந்தவை சானடோரியத்தில் காற்றோட்டமான படுக்கை, நல்லுணவு, நெடிய ஓய்வு என்பதே உலகெங்கும் நிலவிய கொள்கை. குடிசையில் வாழும் ஏழை இவற்றுக்கு எங்கே போவான்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை ஒன்றுகூடி, வறிய நோயாளரை வேறுபாடின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கின. ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே. இருவருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள்.

முடிவு 1959இல் வெளியாயிற்று. உணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டில் மருந்துண்டவர்கள் சானடோரியத்தாருக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாரிடமும் நோய் கூடுதலாகப் பரவியதாகக் காணவில்லை. உலகின் காசநோய் மருத்துவமே இதனால் திசைமாறியது. ஏழையின் குடிசையில் மருந்து வேலை செய்யாது என்ற எண்ணத்தைச் சென்னையின் வறிய நோயாளரே பொய்யாக்கினர். மருந்துக்குச் சேரி தெரியாது, மாடி தெரியாது; முறையாக உட்சென்றதா என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

அம்மையம் ஆராய்ந்த மற்றொன்றும் நாம் அறியத்தக்கது. ஐசோனியசிட்டைச் சிலருடைய உடல் விரைந்து சிதைக்கும்; சிலருடைய உடல் மெல்லச் சிதைக்கும். இது பிறப்பிலேயே அமைவது. பிறப்பால் மனிதருக்குள் உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டில், அறிவியல் கண்ட பிறவி வேறுபாடு இத்தகையது! விரைவாரும் மெல்லியரும் எல்லாக் குடியிலும் கலந்தே இருக்கின்றனர். மெல்லச் சிதைப்பவருக்குக் கைகால் எரிச்சலும் மதமதப்பும் வரும் வாய்ப்பு மிகுதி. பைரிடாக்சின் என்னும் வைட்டமின் அதைத் தடுக்கும்.

இன்று மருந்துக்குக் கட்டுப்படும் காசத்துக்கு 6 மாத மருத்துவம் போதும். முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு. அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. ஏன் இத்தனை? நோயாளரின் நெஞ்சிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதேனும் ஒரு மருந்துக்கு அஞ்சாத சில முன்னரே இருக்கும். ஒற்றை மருந்து கொடுத்தால் மற்றவை மடிய, அச்சில தழைத்துவிடும். பல மருந்துகளுக்கும் ஒருங்கே அஞ்சாத கிருமி இருப்பது அரிதினும் அரிது. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று எடை கூடும். அப்போது நோயாளர் 'குணமாயிற்று, வேலைக்குப் போகவேண்டும்' என்று மருந்தை நிறுத்துவார். எஞ்சிய கிருமிகள் உறங்கிக் கிடக்கின்றன என்பதை அவருக்கு எவரும் சொல்லியிரார்.

ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். சொல்லாமல் கொடுத்தால், குருதி போகிறது என்று அஞ்சி மாத்திரையை எறிந்துவிடுவார். சொல்லிக் கொடுத்தால் அந்நிறமே மருந்து உட்சென்றதன் அடையாளமாகிவிடும். அம்மருந்தே கருத்தடை மாத்திரையின் ஆற்றலையும் குறைக்கும். அதையும் பெண்களுக்குச் சொல்லவேண்டும். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் வரவேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே சொல்லவேண்டும்.

ஆனால் ஒன்று. மாத்திரை போதும், சோறு வேண்டாம் என்று சென்னை ஆய்வு சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளரின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் வழங்கியபோது அவர்களைப் புதிதாகக் காசம் பற்றுவது பெரிதும் குறைந்தது. மருந்து நோயைத் தீர்க்கும். பசி நோயை மீண்டும் அழைத்துவரும். காசநோயாளரின் ஊட்டத்துக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி, 2024 நவம்பர் முதல் அதை 1000 ரூபாயாக உயர்த்தியது. அது உரியவர் கணக்கில் சேர்ந்ததா என்று பார்ப்பதும் உங்கள் மருத்துவப் பணியின் பகுதியே.

மருந்தோடு கலந்து வருவது

மருந்துப் பொருள் நல்லதாயினும் அதைக் கரைத்த நீர்மம் நஞ்சாக இருக்கக்கூடும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சில் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது பழங்கதையன்று. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து உருவானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு அதே நஞ்சு இருந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நஞ்சு, அதே சாவு!

குழந்தையின் சாதாரண இருமல் பெரும்பாலும் தானே அடங்கும். மருந்து கொடாமையும் ஒரு மருத்துவமே. கொடுக்க நேர்ந்தால் தயாரிப்பு எண்ணையும் காலாவதி நாளையும் பாருங்கள். புதிய தீங்கு எதையேனும் கண்டால் வாளாவிராதீர்கள். 2010இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டத்துக்குச் செவிலியரும் மருந்தாளுநரும் ஏன், நோயாளருமே அறிவிக்கலாம். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் எழுதாமல் அம்மருந்தைக் கொடுக்கவேண்டா.

நம் கடமை

நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து அதை ஊட்டுபவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் திருவள்ளுவர். நான்காம் உறுப்பு நீங்கள். அதை அவர் மற்ற மூன்றுக்கும் கீழாக வைக்கவில்லை. மருத்துவர் சில நிமிடமே நோயாளரைக் காண்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு, ஐயம் கேட்க அஞ்சி, தலைகுனிந்து வெளியே வரும் தாயைக் காண்பவர் நீங்களே. அத்தாய் நம் தாயாக இருக்கலாம். வேறு எவருடைய தாயாகவும் இருக்கலாம். அவரை 'உனக்கென்ன தெரியும்' என்று அதட்டுகிற குரலை நம் மக்கள் போதிய அளவு கேட்டுவிட்டார்கள். அக்குரல் உங்கள் வாயிலிருந்து எந்நாளும் வரலாகாது.

இளைஞர்களே! இன்ன மருந்து, இன்ன காரணம், இத்தனை அளவு, இத்தனை மணிக்கு, இத்தனை நாள், இன்ன தீங்கு தோன்றினால் உடனே வருக: இவ்வாறும் சொல்லி முடித்த பின்னர், நோயாளரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பிழையின்றிச் சொன்னால் மருந்து முழுமையாகக் கொடுக்கப்பட்டது எனக் கொள்ளுங்கள். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். செலவு ஏதுமில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் வேண்டுகிறோம். உங்கள் ஒவ்வொருவர் தெருவிலும் பத்து வீடுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவ்வீடுகளின் மாடக்குழியிலும் தகரப்பெட்டியிலும் கிடக்கும் மருந்து அட்டைகளை எடுத்துப் படித்துக்காட்டுங்கள். காலம் கடந்தவற்றை நீக்குங்கள். பாதியில் நிறுத்தியவற்றுக்குக் காரணம் கேளுங்கள். கேட்ட காரணத்தை ஏளனம் செய்யாதீர்கள். கற்பி என்று அண்ணல் இட்ட கட்டளையை மருந்தின் துறையில் நிறைவேற்றும் வழி இது. எழுத்தைக் கொண்டு தொடங்கிய நம் கழகம், அந்த எழுத்தால் உயிரைக் காக்கும் கழகமாக வளரட்டும்.